சாலையை விட்டுத் தடத்திற்கு வந்த வேகம்



தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் மகிழுந்துப் பந்தயத்தைப் பற்றி எழுதுவதா எனச் சிலர் வியக்கக்கூடும். வரலாறு என்றாலே பரமேசுவரா, மலாக்கா, போர்த்துகீசியர், விடுதலை நாள் என்ற அளவில் நாம் நின்றுவிடுகிறோம். ஆனால், செந்தூலில் வாழ்பவர்களுக்கு இயந்திரமும் சக்கரமும் அயலானவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு எழுந்த ரயில்வே பட்டறையில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். 1945ஆம் ஆண்டில் நேச நாட்டு விமானங்கள் தேடி வந்து குண்டு வீசும் அளவுக்கு அப்பட்டறை முதன்மை பெற்றிருந்தது. இன்று அப்பட்டறை இயங்கவில்லை. ஆனால், மகிழுந்தும் மோட்டார் சைக்கிளும் பழுதுபார்க்கும் கடைகளுக்கு இவ்வட்டாரத்தில் குறைவில்லை. சனிக்கிழமை இரவுகளில் பன்னிரண்டு மணிக்கு மேல் டியூக் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து எழும் இரைச்சலையும் இங்குள்ள எவரும் அறிவர்.

அந்த இரைச்சலைக் கேட்டுத் தூக்கம் கலைந்தவர்கள், "இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்" என்று சலித்துக்கொள்வதுண்டு. இக்காலத்தில் தோன்றிய பழக்கமன்று அது. இம்மண்ணில் பந்தயம் பிறந்ததே பொதுச்சாலையில்தான். அது சாலையை விட்டு எவ்வாறு வெளியேறியது, வெளியேறிப் போன இடத்தில் எதைக் கற்றுக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1888ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காகச் செய்து பார்த்த காற்றடைத்த டயருக்கு அவ்வாண்டில் காப்புரிமை பெற்றார். (இதே கருத்துக்கு ராபர்ட் தாம்சன் என்பவர் 1840களிலேயே காப்புரிமை பெற்றிருந்தார் என்பது பின்னர்தான் வெளிவந்தது.) அதே 1888இல் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். 1877இல் கியூ பூங்காவிலிருந்து வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளின் வழிவந்த மரங்கள் அங்கு நின்றன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவி, நாள்தோறும் பால் எடுக்கும் முறையை ரிட்லி செம்மைப்படுத்தினார். காப்பி பயிரிட்டுக் கொண்டிருந்த துரைமார்களிடம் "ரப்பர் நடுங்கள்" என்று சொல்லிச் சொல்லியே, 'பித்துப் பிடித்த ரிட்லி' என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டார். டயர் ஒரு கண்டத்தில் பிறந்த அதே ஆண்டில், அதற்கான பாலைத் தேடியவர் இன்னொரு கண்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்!

அதன்பின் நடந்தது நம் குடும்பக் கதை. அதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. செந்தூலில் குடியிருப்போரில் எத்தனையோ பேரின் பாட்டனும் பாட்டியும் விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, வாளி சுமந்தவர்கள். இதை வைத்து, "தமிழன் எடுத்த பாலில்தான் உலகத்துப் பந்தய மகிழுந்துகள் ஓடுகின்றன" என்று நம் மேடைகளில் முழங்குவோர் உண்டு. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. முழு உண்மையன்று. 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும், அமெரிக்கா இயற்கை ரப்பரின்றித் தவித்துச் செயற்கை ரப்பரைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. அன்று முதல் மகிழுந்து டயரின் தரையைத் தொடும் மேற்பகுதியில் செயற்கை ரப்பருக்கே பெரும்பங்கு. பந்தய டயரில் அது இன்னும் மிகுதி. நம் பால்மரத்து ரப்பர் பெரிதும் செல்வது லாரி டயருக்கும் விமான டயருக்குந்தான். பெரும்பாரம் தாங்கி உருளும்போது அது அதிகமாகச் சூடேறாது. செப்பாங்கில் பந்தயம் பார்க்கும்போது தலைக்கு மேல் தாழ்ந்து பறந்து கே.எல்.ஐ.ஏ.வில் இறங்குகிறதே விமானம், நம் பாட்டியின் உழைப்பைத் தேடுவோர் அதன் சக்கரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இனிச் சாலைக்கு வருவோம். 1940ஆம் ஆண்டில் ஜொகூர் பாருவின் தெருக்களை மறித்து முதல் ஜொகூர் கிராண்ட் பிரி நடத்தப்பட்டது. போருக்குப் பிறகும் அது தொடர்ந்தது. 1961இல் சிங்கப்பூரின் அப்பர் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரி தொடங்கியது. 1962 முதல் சில ஆண்டுகள் அதற்கு 'மலேசிய கிராண்ட் பிரி' என்றே பெயர். சிங்கப்பூர் பிரிந்த பின்னர், 1966இலிருந்து 'சிங்கப்பூர் கிராண்ட் பிரி' ஆயிற்று. ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர்ச் சுற்று. ஒரு பக்கம் 'தாம்சன் மைல்' எனப்பட்ட நேர்ப்பாதை. மறுபக்கம் காட்டை ஒட்டி வளைந்து வளைந்து செல்லும் பழைய சாலை. அவ்வளைவுகளுக்குப் 'பாம்புகள்' என்றும் 'சாத்தான் வளைவு' என்றும் ஓட்டுநர்கள் பெயர் வைத்திருந்தனர். பந்தயம் முடிந்த மறுநாள் அதே சாலையில் பேருந்தும் லாரியும் ஓடும்.

பொதுச்சாலையில் பந்தயம் நடத்துவதில் உள்ள இடர் என்னவென்று அச்சுற்றைப் பார்த்தாலே விளங்கும். சாலையோரத்தில் விளக்குக் கம்பம், சாக்கடை, பேருந்து நிறுத்தம், மரம். சறுக்கிய வண்டி நின்று அடங்குவதற்கு ஓரடி வெற்றிடம் கிடையாது. மரம் மன்னிக்காது. 1964ஆம் ஆண்டுப் பந்தயம் கடும் மழையால் சில சுற்றுகளிலேயே கைவிடப்பட்டது. 1973இல் அங்குக் கடைசிப் பந்தயம் ஓடி முடிவதற்குள், எழுவர் உயிரிழந்திருந்தனர். அதற்குப்பின் சிங்கப்பூர் அரசு சாலைப் பந்தயத்திற்கு இடங்கொடுக்கவில்லை. 2008இல்தான், இரவு நேரப் போட்டியாக, தடுப்புச் சுவர்களுக்கு நடுவே அது திரும்பி வந்தது.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கான மறுமொழி 1968இலேயே எழுந்துவிட்டது. ஷா ஆலாமுக்கு அருகே பத்து தீகாவில் நிரந்தரப் பந்தயத் தடம் ஒன்று அமைக்கப்பட்டது. சுற்றுக்கு மூன்றரைக் கிலோமீட்டர் அளவுதான். உலகத் தரத்தில் பெரிய தடமன்று. ஆனால், அன்று இங்கிருந்தவர்களுக்கு அது ஒரு பெரும் விடுதலை. மலேசியரான சன்னி ராஜா போன்றவர்கள் 1970களில் இவ்வட்டாரப் பந்தயங்களில் பெயர் எடுத்து, பிரிட்டன் வரை சென்று ஓட்டினார்கள். 1985 டிசம்பரில் உலக நீள்நேரப் பந்தயத் தொடரின் 800 கிலோமீட்டர்ப் போட்டி அங்கு நடந்தது. ஜாக்கி இக்ஸ், யோகன் மாஸ் இருவரும் போர்ஷே வண்டியில் வென்றனர். அதே ஆண்டு ஜூலையில்தான் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்திருந்தது. 1991 முதல் 1997 வரை மோட்டார் சைக்கிள் உலகப் போட்டியும் அத்தடத்தில் நடைபெற்றது.

பின்னர் செப்பாங் வந்தது. பத்து தீகாவுக்கு வேலையில்லாமல் போயிற்று. 2000களின் தொடக்கத்தில் அதை இடித்து வீடுகள் கட்டினார்கள். இன்று அவ்வழியே செல்பவருக்கு அங்கு ஒரு தடம் இருந்த சுவடே தெரியாது. நினைவுப் பலகையாவது வைத்திருக்கலாம் என்பது என் தனிப்பட்ட குறை. ஷா ஆலாமில் 1972 முதல் இயங்கிய குட்இயர் டயர்த் தொழிற்சாலையும் 2024இல் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். தடமும் போயிற்று, டயரும் போயிற்று.

சாலையில் கற்க முடியாத எதனை ஒருவர் தடத்தில் கற்கிறார் என்ற வினாவுக்கு இங்கு விடை சொல்லியாக வேண்டும். இல்லையேல், தடம் என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணமே மிஞ்சும்.

ஒரு டன் எடையுள்ள மகிழுந்து தரையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம். ஓட்டுநர் செய்யும் மூன்று செயல்களும், அதாவது வேகம் கூட்டுதல், பிரேக் பிடித்தல், திரும்புதல் ஆகியவை, அந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். டயரின் பிடிமானம் ஆசிரியரின் மாதச் சம்பளம் போன்றது. தொகை நிலையானது, எதற்குச் செலவிடுவது என்பது மட்டுமே நம் கையில். முழுவதையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால், திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே சறுக்கிப் போகும். இதனால்தான் பழகுநர்களுக்கு முதற்பாடமாக, "நேர்ப்பாதையிலேயே பிரேக் பிடித்து முடி, பிறகு திரும்பு" என்று கற்பிக்கிறார்கள். கை தேர்ந்தவர்கள் பிரேக்கை ஒரேயடியாக விடாமல், திருப்பத்திற்குள் நுழையும்போது சிறிது சிறிதாக விடுவார்கள். பிரேக்கிலிருந்து மிச்சமாகும் பிடிமானம் அப்படியே திருப்பத்திற்குச் செலவாகும். சொல்வது எளிது, கால் பழக நெடுநாள் ஆகும்.

வண்டியின் எடையும் நிலையாக நிற்பதில்லை. பிரேக் பிடித்தால் எடை முன்சக்கரங்களுக்குச் சாயும். வேகம் கூட்டினால் பின்னுக்குச் சாயும். நம் சாலைகளில் ஓடும் சாத்திரியா, வீரா, கஞ்சில், மைவி யாவும் முன்சக்கர இயக்கம் கொண்டவை. அவற்றில் முன் டயர்கள் இரண்டும் இழுக்கின்றன, திருப்புகின்றன, பிரேக்கின் பெரும்பங்கையும் சுமக்கின்றன. பின் டயர்கள் பெரும்பாலும் உடன் வருகின்றன, அவ்வளவுதான். இத்தகைய வண்டியை வேகமாகத் திருப்பும்போது அச்சங்கொண்டு, முடுக்கியிலிருந்து திடீரெனக் காலை எடுத்தால் என்னவாகும்? எடை முன்னே பாயும், பின்பக்கம் இலேசாகும், வால் சுழன்று முன்னே வரும். ஆபத்து என்றால் காலை எடு என்றுதான் நம் இயல்பு சொல்கிறது. அவ்வியல்பை மாற்றிக்கொள்வதற்கு, சறுக்கினாலும் உயிர் போகாத ஓரிடம் வேண்டும்.

இன்னொன்று, வளைவின் கோடு. திருப்பத்தின் வெளி ஓரத்தில் தொடங்கி, உள்முனையைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்திற்குப் போனால் வளைவு அகன்றுவிடும். அகன்ற வளைவில் கூடுதல் வேகம் தாங்கும். தடத்தின் முழு அகலமும் நம்முடையதாக இருந்தால்தான் இது இயலும். பொதுச்சாலையில் நமக்கு உரியது ஒரு வழித்தடம் மட்டுமே; மறுபாதியில் எதிரே ஒரு குடும்பம் வந்துகொண்டிருக்கும். நள்ளிரவில் வளைவை 'வெட்டி' ஓட்டும் இளைஞர் தமக்குத் தெரிந்த சரியான கணக்கைத் தவறான தாளில் எழுதுகிறார். வேகம் இருமடங்கானால் நிற்பதற்குத் தேவையான பிரேக் தூரம் நான்கு மடங்காகிறது என்பதும் அவருக்கு இடைநிலைப்பள்ளி அறிவியலில் கற்பிக்கப்பட்டதுதான்.

செப்பாங் தடம் 1999 மார்ச்சில் அன்றைய பிரதமர் மகாதீர் முகமதுவால் திறந்து வைக்கப்பட்டது. ஜெர்மானியரான ஹெர்மன் டில்க்கே வடிவமைத்த அத்தடம் ஏறத்தாழ 14 மாதங்களில் கட்டி முடிக்கப்பட்டது. சுற்று 5.543 கிலோமீட்டர், 15 திருப்பங்கள். அவற்றுள் பத்து வலப்பக்கம் திரும்புபவை. ஆகவே, இடப்பக்க டயர்களே அதிகம் தேயும். செந்தூலிலிருந்து போகிறவர்களுக்கு வழியில் வரும் புத்ராஜெயா, முன்னர் பிராங் பெசார் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. பி.பி. 86 என்று ரப்பர் உலகம் அறிந்த மரவகை அத்தோட்டத்தில் உருவானது, அதிலுள்ள பி.பி. என்பது அத்தோட்டத்தின் பெயர்தான். அங்கிருந்த நம் மக்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தாவுக்கு மாற்றப்பட்டனர். பந்தயம் பார்க்கப் போகிறவர்கள் இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு போகலாம்.

செப்பாங்கின் உண்மையான ஆசிரியர் மழை. 2001 மார்ச்சில் நடந்த ஃபார்முலா ஒன் போட்டியில் மூன்றாம் சுற்றிலேயே பெருமழை கொட்டி, பெராரி அணியின் இரு வண்டிகளும் தடத்தை விட்டுச் சறுக்கின. பிறகு மற்ற அணிகள் ஆழமான பள்ளங்கொண்ட முழு மழை டயரை மாட்டிக்கொண்டன. பெராரி மட்டும் ஈரத்திற்கும் உலர்ந்த தரைக்கும் நடுத்தரமான இடைநிலை டயரைத் தேர்ந்தது. மழை குறைந்து தடம் உலர உலர, பின்தங்கியிருந்த மைக்கேல் ஷூமாக்கர் ஒவ்வொருவராக முந்தி முதலிடம் பெற்றார். அதே பெராரி 2009 ஏப்ரலில் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. வானம் கறுத்ததைப் பார்த்து, மழை விழுவதற்கு முன்னரே கிமி ரைக்கோனனுக்கு முழு மழை டயரை மாட்டி அனுப்பியது. மழை டயர் தண்ணீரில் குளிர்ந்துகொண்டே ஓடுவதற்காக மென்மையாகச் செய்யப்படுவது. உலர்ந்த சூடான தரையில் அது சில சுற்றுகளிலேயே கிழிந்து உதிர்ந்தது. பின்னர் மழை வந்தது. வந்த மழை பந்தயத்தையே நிறுத்தியது. 33ஆம் சுற்றில் நின்ற போட்டியில் ஜென்சன் பட்டன் வென்றதாக அறிவித்து, எல்லாருக்கும் பாதிப் புள்ளிகளே வழங்கினர். 1964இல் தாம்சன் சாலையில் செய்ததைத்தான் 2009இலும் நம் மழை செய்திருக்கிறது.

தமிழர் ஒருவரின் பெயரும் செப்பாங் வரலாற்றில் இருக்கிறது. சென்னைக்கு அருகே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நெடுங்காலம் பந்தயங்களை நடத்தி வந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் 1990இல் அமைந்தது. அங்கும் கடன்வாங்கிய தரையிலிருந்து சொந்தத் தரைக்கு வருவதற்குப் பல்லாண்டுகள் பிடித்திருக்கின்றன. அந்தத் தமிழ்நாட்டுப் பந்தய மரபில் வளர்ந்தவர் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டான் அணிக்காகச் செப்பாங்கில் ஓட்டி 11ஆம் இடத்தில் முடித்தார். அவ்வாண்டின் விதி கடுமையானது. தகுதிச் சுற்றிலும் பந்தயத்திலும் ஒரே தொகுதி டயர்தான், இடையில் மாற்றக்கூடாது. நம் வெயிலில், 300 கிலோமீட்டருக்கும் மேல், டயரைக் கொல்லாமல் கொண்டு சேர்ப்பதே பெருந்திறமை. 2012இல் எச்.ஆர்.டி. என்ற, அப்போட்டித் தொடரிலேயே மிக வேகங்குறைந்த வண்டியோடு வந்தார். மழைக்கு அஞ்சி முழு மழை டயரோடு பின்வரிசையிலிருந்து புறப்பட்டார். மற்றவர்கள் டயர் மாற்றுவதற்காக உள்ளே சென்றபோது இவர் நிற்காமல் ஓடினார். மழையால் பந்தயம் நிறுத்தப்பட்டபோது கார்த்திகேயன் பத்தாம் இடத்தில் இருந்தார்! மறுபடி தொடங்கியதும் வேகமான வண்டிகள் அவரைக் கடந்தன. அன்று உலக வெற்றியாளராக இருந்த செபாஸ்டியன் வெட்டல் அவரோடு உரசி டயர் பஞ்சராகிக் கோபத்தில் ஏசினார். நடுவர்கள் கார்த்திகேயனுக்கு 20 வினாடித் தண்டனை கொடுத்தனர். ஏச்சு உலகம் முழுவதும் பரவியது. அந்தப் பத்தாம் இடம் யாருக்கும் நினைவில்லை. என் மாணவர்களுக்கு நான் பத்தாம் இடத்தைத்தான் சொல்கிறேன்.

2017 அக்டோபரில் ஃபார்முலா ஒன் செப்பாங்கிலிருந்து விடைபெற்றது. ஆனால், தடம் வெறிச்சோடிவிடவில்லை. சொந்த வண்டியைக் கொண்டு வந்து கட்டணம் செலுத்தி ஓட்டும் 'டிராக் டே' நாள்கள் அங்கு உண்டு. என் முன்னாள் மாணவர் ஒருவர் இவ்வட்டாரத்தில் மகிழுந்துப் பட்டறை வைத்திருக்கிறார். ஆறாம் வகுப்பில் கணக்கென்றால் காத தூரம் ஓடியவர். ஒரு முறை அவரோடு சென்று நாள் முழுவதும் பார்த்திருந்தேன்.

முதலில் நான் அறிந்தது, அது பந்தயமன்று என்பது. அங்குப் பரிசில்லை. நேர்ப்பாதையில், முன்னே செல்பவர் கையசைத்து வழிவிட்டால்தான் முந்தலாம். மஞ்சள் கொடி கண்டால் வேகம் குறைத்தல், சிவப்புக் கொடி கண்டால் மெதுவாக உள்ளே திரும்புதல், நீலக் கொடி கண்டால் பின்னால் வருபவருக்கு இடம் விடுதல் ஆகியவற்றை ஓட்டுநர் கூட்டத்தில் விளக்கிச் சொன்ன பிறகே தடத்தைத் திறந்தார்கள்.

இரண்டாவது, என் மாணவர் என்னிடம் கேட்டது. "சார், சுண்ணக்கட்டி இருக்குங்களா?" ஆசிரியர் பையில் அது இல்லாமலா போகும்! அதை வாங்கி, டயரின் மேற்பகுதியிலிருந்து பக்கச்சுவர் வரை குறுக்கே கோடு போட்டார். சில சுற்றுகள் ஓட்டிவிட்டு வந்து பார்த்தோம். கோடு டயரின் தோள்பட்டை வரை அழிந்திருந்தால் காற்றழுத்தம் சரி. பக்கச்சுவர் வரைக்கும் அழிந்திருந்தால் காற்றுக் குறைவு. டயர் மடிந்து பக்கவாட்டில் உருள்கிறது என்று பொருள். தோள்பட்டைக்கு முன்னரே அழியாமல் நின்றால் காற்று மிகுதி. இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் நான் செலவழித்த சுண்ணக்கட்டிக்கு இப்படியொரு பயன் உண்டென்று எந்தப் பயிற்சிக் கல்லூரியும் எனக்குச் சொல்லவில்லை.

மூன்றாவது, கணக்கு. எண்ணெய் நிலையத்துக் காற்றுக் கருவி 210 கிலோபாஸ்கல் என்று காட்டினால், அது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தம். வெளிக்காற்றின் 101ஐயும் சேர்த்தால் 311. காலையில் 30 பாகையில் இருந்த டயர்க் காற்று, ஓடிச் சூடேறி 80 பாகையை எட்டுகிறது எனக் கொள்வோம். தனிவெப்ப அளவில் 303இலிருந்து 353க்கு உயர்வு. 311ஐ 353ஆல் பெருக்கி 303ஆல் வகுத்தால் 362 வருகிறது. 101ஐக் கழித்தால் 261. ஆக, ஒருவரும் காற்றடிக்காமலேயே டயரில் 51 கிலோபாஸ்கல் ஏறிவிட்டது. டயர் பலூன் போல் விடைத்து, நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், உள்ளங்கை சுருங்கிவிடும். எனவே, குளிர்ந்த நிலையில் சற்றுக் குறைவாக வைத்துத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும், ஆறுவதற்குள் அளந்து திருத்துகிறார்கள். முன் டயருக்கு ஓர் அளவு, பின் டயருக்கு வேறோர் அளவு. என் மாணவர் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் நான்கு டயர்களின் எண்களையும் நேரத்தோடு குறித்து வைத்திருந்தார். கணக்குக்கு ஓடி ஒளிந்தவரின் கையெழுத்து அது!

சுற்றுகள் முடிந்ததும் வண்டியை உடனே நிறுத்திவிடவில்லை. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி, பிரேக்கை ஆறவைத்து வந்தார். நிறுத்தியபோது கைப்பிரேக்கையும் இழுக்கவில்லை. கொதிக்கும் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி விட்டால் கெட்டுவிடும் என்பதால், கியரில் விட்டுச் சக்கரத்திற்குக் கட்டை கொடுத்தார்.

தடத்தில் மரணமே இல்லை என்று சொல்ல நான் துணியமாட்டேன். 2011 அக்டோபர் 23ஆம் நாள், மோட்டார் சைக்கிள் உலகப் போட்டியின் இரண்டாம் சுற்றில், இத்தாலியரான மார்கோ சிமோன்செல்லி இதே செப்பாங்கில் உயிரிழந்தார். மருத்துவக் குழு, அகன்ற ஓரங்கள், கவச உடை எல்லாம் இருந்தும் அது நடந்தது. எதுவுமே இல்லாத நெடுஞ்சாலையில் ஓட்டுபவரின் நிலையை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அனுமதியின்றிச் சாலையில் பந்தயம் ஓட்டுவதைத் தடை செய்கிறது. சட்டம் இருந்தும், எங்கள் பள்ளியில் படித்துச் சென்ற பிள்ளை ஒருவரின் இறுதி ஊர்வலத்தில் நான் நடக்க வேண்டியதாயிற்று. வயது பத்தொன்பது. வேகமாக ஓட்டத் தெரியாதவர் அல்லர். நன்றாகவே தெரிந்தவர் என்று நண்பர்கள் சொன்னார்கள். அவர் சறுக்கிய இடத்தில் மணற்பரப்பு இல்லை, இரும்புத் தடுப்பு இருந்தது.

செலவு என்ற தடை உண்மையானது. அதை மறைக்க வேண்டியதில்லை. கட்டணம், எண்ணெய், டோல், தலைக்கவசம், தேய்ந்துபோகும் பிரேக், எல்லாவற்றுக்கும் மேலாக டயர். வழக்கமான வாகனக் காப்புறுதி தடத்தில் நேரும் சேதத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. இச்செலவைக் குறைக்க, என் மாணவரும் நண்பர்களும் ஒரு வண்டியை நால்வராகப் பகிர்ந்து ஓட்டுகிறார்கள். பந்தய டயர் வாங்கப் பணம் சேரும்வரை காத்திராமல், சாதாரணச் சாலை டயரில்தான் பழகுகிறார்கள். அதுவே நல்லது என்பது அவர் கருத்து. சாலை டயர் பிடி விடுவதற்கு முன்னரே கீச்சிட்டு எச்சரிக்கும். பந்தய டயர் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்து, சட்டென்று கைவிடும். பழகுநருக்கு எச்சரிக்கும் டயரே ஏற்றது.

ஆனால், மலிவு என்பதற்காகப் பழைய டயர் வாங்கிவரும் இளைஞர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்திற்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் ஆழமாக இருந்தாலும், ஆண்டுகள் கடந்த ரப்பர் இறுகிப் பிடிமானம் இழந்திருக்கும். பள்ளத்திற்கும் அளவு உண்டு. 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தது சாலையில் ஓடத் தகாது. தடத்தில் ஒரு நாள் ஓட்டினால் புதிய டயரும் அந்த அளவை நெருங்கிவிடக்கூடும். காலையில் ஆழமாக இருந்த டயர் மாலையில் வழுக்கையாகியிருக்க, வானமும் இருட்டிக்கொண்டு வர, அதே டயரில் எலீட் நெடுஞ்சாலை வழியே வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. ஆகவே, அவரது குழுவில் மாற்று டயர் ஒரு தொகுதியைத் தனி வண்டியில் ஏற்றிவருகிறார்கள். மாற்று இல்லாதவர்கள் புறப்படுவதற்கு முன் சக்கர நட்டுகளை மீண்டும் இறுக்கி, டயர் ஆறியபின் பள்ளத்தை அளந்து, குறைத்திருந்த காற்றை 210க்கு மீண்டும் நிரப்பிக்கொள்கிறார்கள். அன்று என் சுண்ணக்கட்டியில் பாதிதான் திரும்பி வந்தது.